யோசனை என்னும் நோய்

அச்சம் நான்கிடத்துப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கணக்கு. தெய்வமும் பேயுமாகிய அணங்கு, காட்டு விலங்கு, வழிமறிக்கும் கள்வர், தமக்கு மேல் நின்று ஆளும் இறைவர் ஆகியோர் முன்னே மனித நெஞ்சம் நடுங்கும் என்று மெய்ப்பாட்டியலில் அவர் வகுத்தார். இந்நான்கும் மனிதனுக்குப் புறத்தே நிற்பவை. புலி புதருக்குள் மறைந்தால் அதனால் வந்த நடுக்கமும் சிறிது நேரத்தில் அடங்கும். கள்வன் பிடிபட்டால் ஊர் உறங்கும். ஆனால், புலியும் இல்லை, கள்வனும் இல்லை, அதட்டும் அதிகாரியும் எதிரில் இல்லை. அப்படியிருந்தும் நள்ளிரவில் ஒருத்தி விழித்தெழுந்து, நெஞ்சு படபடக்க, உள்ளங்கை வியர்க்க, விடியும் வரை கூரைத் தகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ‘என்ன பயம்?’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை, சும்மா யோசனை’ என்கிறாள். இந்த அச்சத்தை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது?

இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எண்வகை மெய்ப்பாட்டை முடித்த பின், வேறு 32 நிகழ்ச்சிகளையும் அவ்வியல் அடுக்கிச் செல்கிறது. வெரூஉதல், உயிர்ப்பு, வியர்த்தல், ஐயம், நடுக்கு, கையாறு என்பன அவற்றுட் சில. திடுக்கிடல், பெருமூச்சு, வியர்வை, தீராத சந்தேகம், கை கால் நடுக்கம், செயலற்றுப் போதல் என்று இவற்றை இன்றைய தமிழில் எழுதி ஓர் உளமருத்துவரிடம் காட்டினால், ‘இவர் எத்தனை மாதமாக இப்படி இருக்கிறார்?’ என்று அவர் உடனே கேட்பார். இதைக் கொண்டு, மேனாட்டார் கண்டதெல்லாம் நம்மவர் அன்றே கண்டது என்று மேடையில் முழங்கப் புறப்பட வேண்டாம். அத்தகைய முழக்கங்களால் தமிழுக்கும் பயனில்லை, மருத்துவத்துக்கும் பயனில்லை. தொல்காப்பியர் எழுதியது செய்யுளுக்கும் கூத்துக்கும் உரிய இலக்கணம். ஆயினும், உள்ளத்தில் மறைந்து நிற்பது உடலில் வெளிப்படும் என்று அறிந்த மொழியிற் பிறந்தும், உடல் சொல்லும் செய்தியை நாம் இன்று படிக்கத் தவறுகிறோம் என்பதே என் வருத்தம்.

இந்தப் பொருளை நானுஓயாவில் நின்று பார்க்க விரும்புகிறேன். நால்வகை அச்சமும் குறைவின்றி வந்து போன இடம் மலையகம்; அவை போன பின்பும் நீங்காது தங்கும் ஐந்தாவது அச்சத்தை அங்கே தெளிவாகக் காணலாம்.

கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டு நானுஓயாவை எட்டியது. கடல் மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேலே, நுவரெலியா நகருக்கு வாயிலாக அமைந்த நிலையம் அது. உல்லாசப் பயணிகள் அங்கே இறங்கிக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு நகருக்குப் போய்விடுகிறார்கள். நிலையத்தைச் சுற்றி ரதல்ல, கிளாசோ முதலிய தோட்டங்கள். அங்கே, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளைக்காரன் அளந்துவைத்த லயக் காம்பராக்களில் இன்றும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு காம்பராவில் ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவில் உறங்குபவர் விழித்துக்கொள்வார். இந்தச் செய்தியை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும்; பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

நால்வகை அச்சமும் ஐந்தாவதும்

மலையகத் தமிழரின் வரலாற்றைத் தொல்காப்பியரின் நான்கு சொற்களைக் கொண்டே சொல்லிவிடலாம். அணங்குக்கு மாடசாமி உண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தில் உறைவதாக அஞ்சி வழிபட்ட ரோதைமுனியும் உண்டு. விலங்குக்குச் சிறுத்தை உண்டு. அதனினும் கொடியதாகக் கொழுந்து பறிப்போரைக் கூட்டமாகத் துரத்தும் குளவி உண்டு. கள்வருக்கு 1958ஐயும் 1977ஐயும் 1983ஐயும் கண்டவர்களைக் கேட்டால் போதும். இறைவர் என்ற வரிசைதான் நீளமானது. கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்று தோட்டத்துக்குள்ளே தொடங்கி அது அரசாங்கம் வரை போகிறது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் தலைகளை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் 1974இல் இருபாலும் பாதியாக வகுக்கப்பட்டது. தலைமன்னார்த் துறைக்கு மலையிலிருந்து ஆட்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. வண்டியேறியவர்களின் துயரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஏறாமல் நின்றவர்களின் நிலை அவ்வளவாக எழுதப்படவில்லை. கடிதம் வருமா, வந்தால் எந்த நாட்டுக்கு வரும், மகனுக்கு ஒரு நாடும் மகளுக்கு ஒரு நாடும் என்று வருமோ எனத் தெரியாமல், பெட்டியை அடுக்குவதா அவிழ்ப்பதா என்ற நிலையிலே ஒரு தலைமுறை காலந்தள்ளியது. நாடற்றோர் நிலையை நீக்கும் சட்டம் 2003இல் வந்தது. கடிதத்துக்குக் காத்திருந்த காலம் முடிந்தது. காத்திருக்கும் பழக்கம் பல வீடுகளில் முடியவில்லை. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் ஒரு பையில் கட்டித் தலைமாட்டில் வைத்து உறங்கும் மூதாட்டியரை இன்றும் காணலாம். அந்தப் பையைப் பார்த்து வளரும் பேரக் குழந்தை, உலகம் எந்த நேரமும் கவிழக்கூடியது என்பதை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது.

இன்றைய கவலைகள் வேறு. நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்ற அளவு எட்டாவிட்டால் முழுப் பேர் கிடைக்காது, அரைப் பேர் தான். கூலிக் கணக்கில் ‘பேர்’ என்பது ஒரு நாளுழைப்பு. மனிதனின் பேரையே பாதியாக வெட்டும் இந்தச் சொல்வழக்கு எனக்கு எப்போதும் உறுத்துவது. நுண்கடன் தவணைக்கு வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் ஆள். கொழும்புக் கடையில் வேலைக்குப் போன மகன். வளைகுடா நாட்டு வீட்டில் பணிப்பெண்ணாயிருக்கும் தாய். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. 2023 ஜனவரி 20ஆம் தேதி ரதல்லக் குறுக்கு வீதியில் பேருந்து மோதி ஏழு உயிர் போன பின், பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலா என்றால் வயிற்றைப் பிசையும் பெற்றோர். எல்லாவற்றுக்கும் மேலே மழை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தை லயங்களின் மேல் மலை இறங்கியதை யாரும் மறக்கவில்லை. மறக்கத் தொடங்கியிருந்தவர்களுக்கும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மீண்டும் நினைவூட்டிச் சென்றது.

இவ்வளவு காரணம் இருக்கும்போது கவலையை நோய் என்று சொல்வது நியாயமா என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. கூலியும் வீடும் பாதையும் கேட்பவனிடம் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை இருக்கிறது. மலையகத்தில் அதுவே மிகுதி. ‘இந்த வாழ்க்கையில் யார்தான் கவலைப்பட மாட்டார்?’ என்று சொல்லி, துன்புறும் ஒருவரை அவர் துன்பத்திலேயே விட்டுவிடுவது அது. குளிரும் ஈரமும் நிறைந்த லயத்தில் வாழ்வதால் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தால், லயத்தைத் திருத்தும் வரை அவருக்கு மருந்து வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. மனத்தின் காரியத்தில் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

இயல்பான அச்சத்தையும் நோயாகிய பதற்றத்தையும் பிரித்தறிய மழையையே உதாரணமாகக் கொள்ளலாம். மூன்று நாள் விடாமழையில், மலையடிவாரத்து லயத்தில் உள்ளவர் விழித்திருப்பது அறிவு. எச்சரிக்கை வந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்குப் போவது அதனினும் பெரிய அறிவு. அந்த அச்சம் உயிரைக் காக்கிறது. காத்த பின் ஓய்கிறது. ஆனால் தை, மாசியில் வானம் வெளுத்து, இரவில் உறைபனி விழும் காலத்திலும் அதே விழிப்பும் அதே நெஞ்சிடியும் தொடர்ந்தால்? மண்சரிவுக் கவலை நீங்கியதும் அந்த இடத்தில் மகனின் கவலையும், மகன் தொலைபேசியில் பேசியதும் கடனின் கவலையும், தவணை கட்டியதும் பெயரற்ற ஏதோ ஒன்றும் வந்து அமர்ந்தால்? அப்போது அச்சம் பொருளை விட்டுப் பிரிந்து தனியே நடமாடத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இந்தப் பிரிவினையை மருத்துவம் எளிதிற் கண்டுவிடவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று வழங்கிய பெரிய மூட்டையிலிருந்து பதற்ற நோயைத் தனியே பிரித்து 1895இல் எழுதியவர் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்டு. ஆபத்தைக் கண்டால் உடல் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகும் முறையை 1915இல் அமெரிக்காவின் வால்டர் கேனன் விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது; இதயம் விரைகிறது; குடல் தன் வேலையை நிறுத்துகிறது; தசைகள் முறுக்கேறுகின்றன. சிறுத்தையிடமிருந்து ஓடுவதற்கு இவை யாவும் வேண்டியவை. சிறுத்தை இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ஓடும் ஆயத்தத்தில் நின்றால் என்ன ஆகும்? கழுத்தும் தோளும் நோகும், வயிறு எரியும், தலை பாரமாகும், உறக்கம் கெடும், சிறு ஓசைக்கும் தூக்கிவாரிப்போடும், பிள்ளைகள் மேல் எரிந்து விழ நேரும். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதற்குத் தனிப்பெயரிட்டுப் பட்டியலிற் சேர்த்தது. கட்டுக்கடங்காத கவலை பெரும்பாலான நாட்களில், ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்து, அன்றாட வேலையைக் கெடுத்தால் அது நோய் என்பது இன்றைய வரையறை. 2006 முதல் ஏழே கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளும் வழக்கில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாயிருந்தீர், கவலையை நிறுத்த முடிந்ததா, இருப்புக்கொள்ளாமல் தவித்தீரா என்ற வகையிலே கேட்டு மதிப்பெண் இடுவது அது. 21க்குப் 10 வந்தால் மேலும் ஆராய வேண்டும் என்று பொருள். வினாத்தாளே நோயை முடிவு செய்துவிடாது. கதவைத் தட்டிப் பார்க்கும் கருவி என்ற அளவில் நல்லது.

பெயர் இல்லாத் துன்பம்

தோட்டத்து மருந்தகத்தில் யாரும் ‘எனக்குப் பதற்றம்’ என்று சொல்வதில்லை. ‘நெஞ்சு படக்குப் படக்குன்னு அடிக்குதுங்க ஐயா’, ‘கை காலெல்லாம் ஒளைச்சல்’, ‘தலை கிர்ருங்குது’ என்று உடலையே முன்னிறுத்துவார்கள். அவருக்கும் அன்றைய வரிசை நீளம். நெஞ்செரிவு மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் அதே முறையீட்டுடன் வருகிறார். நாடிப் படம் எடுத்தால் குறையில்லை. குறையில்லை என்றதும் வீட்டார், ‘எல்லாம் நடிப்பு’ என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நோயாளிக்கு இதைவிடக் கொடுமை இல்லை. நெஞ்சிடி உண்மையாகவே இருக்கிறது.

உடலை முதலிற் சோதிக்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்தச் சோகை கண்ட பெண்ணுக்கும் படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். தைரொயிட் சுரப்பி மிகுந்தாலும் கை நடுங்கும், உறக்கம் போகும். நாளெல்லாம் சாயத்தண்ணீர் குடிப்பவருக்கு இரவில் கண் மூடாததில் வியப்பில்லை. உலகத்துக்கு நல்ல தேயிலையை அனுப்பிவிட்டுக் கழிவுத் தூளின் கடுஞ்சாயத்தைக் குடிப்பவர்களுக்கு இந்த வகையிலும் ஒரு தண்டனை. ஆண்களிற் சிலர் உறக்கத்துக்காகக் கசிப்பை நாடுகிறார்கள். ஓரிரவு அது அமர்த்தும். மறுநாட் காலையில் நடுக்கத்தை இரட்டிப்பாக்கித் திருப்பிக் கொடுக்கும். குடியைப் பற்றி மலையகத்தில் எவ்வளவோ கூட்டம் நடக்கிறது. குடிப்பவன் எந்தக் கவலையை உறங்க வைக்கக் குடிக்கிறான் என்று கேட்ட கூட்டம் குறைவு.

பெயர் இல்லை என்று சொன்னேன். தேடினால் பெயர் இருக்கிறது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் ‘பதகளிப்பு’ என்ற நாட்டு வழக்கை எடுத்துப் பயன்படுத்தினார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர்க்காலத்தில் தமிழிலே உளநலம் எழுத முற்பட்டபோது இத்தகைய சொற்கள் நூலேறின. மலையகத்தின் சொல் ‘யோசனை’. ‘ஒரே யோசனையா இருக்கு’ என்றால் சிந்தனையாளராகிவிட்டார் என்று பொருளன்று. கவலை சுழன்றுகொண்டிருக்கிறது என்பது பொருள். ‘யோசிக்காதீங்க’ என்றால் ‘கவலைப்படாதீர்கள்’ என்று ஆறுதல். இந்தச் சொல்லுக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதை அறிந்தபோது வியந்தேன். சிம்பாப்வே நாட்டின் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்பது, அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள்படும். அந்நாட்டு மக்கள் மனத்துன்பத்துக்கு வழங்கும் பெயரும் அதுவே. அங்கே அந்தப் பெயரைக் கொண்டே ஒரு வைத்தியம் எழுந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மருந்தகம் கைவிட்டால் அடுத்த வழி கோடாங்கி. படித்தவர்கள் இதை நகைப்பது வழக்கம். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் துன்பத்துக்கென்று ஒரு முழு மாலைப்பொழுது ஒதுக்கப்படுகிறது. உறவினர் கூடுகிறார்கள். உடுக்கை ஒலிக்க, ‘உனக்கு என்ன செய்கிறது, எப்போதிருந்து?’ என்ற கேள்வி அவளிடம் கேட்கப்படுகிறது. அவள் வாழ்வில் அப்படியொரு கேள்வி அதற்கு முன் கேட்கப்பட்டதே இல்லை என்பதும் நடக்கக்கூடியது. பயம் தெளிய வேப்பிலை அடித்துக் கயிறு கட்டி அனுப்பிய பின் சில நாள் அவள் உறங்குகிறாள் என்றால், அந்தக் கேள்விக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. குறை எங்கே என்றால், பழி வெளியே ஒரு பேயின் மேலோ, பெரும்பாலும் அடுத்த லயத்துக்காரியின் மேலோ போய் விழுகிறது. பதற்றத்தின் சுழல் அப்படியே இருக்கிறது. செலவும் கடனில் ஏறுகிறது.

துணை என்ற சொல்

இலங்கைத் தமிழில் இந்தத் தொழிலுக்கு வைத்த பெயர் ‘உளவளத்துணை’. தமிழகத்தில் ‘மனநல ஆலோசனை’ என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ‘சீர்மியம்’ என்றும் எழுதுகிறார்கள். மூன்றில் எனக்கு முதலாவதே உவப்பு. ஏனெனில் ஆலோசனைக்குத் தோட்டத்தில் பஞ்சமே இல்லை. ‘தைரியமா இரு புள்ள’, ‘கோயிலுக்குப் போ’, ‘கண்டதையும் நினைக்காத’ என்று பெரியம்மா முதல் கணக்கப்பிள்ளை வரை எல்லாரும் வழங்குவது ஆலோசனை தானே! நினைக்காதே என்ற கட்டளைக்கு நினைவு கீழ்ப்படிவதில்லை. அது முடிந்திருந்தால் அவள் முன்னமே செய்திருப்பாள். 1942இல் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கர் இத்துறையைப் பற்றி எழுதிய நூலின் புதுமையும் இதுவே. வந்தவருக்குப் புத்தி சொல்லாதே, தீர்ப்பிடாதே, அவர் சொல்வதை முழுமையாகக் கேள் என்று அவர் வற்புறுத்தினார். 1960களில் ஆரன் பெக் முதலியோர் அதற்கு மேல் ஒரு முறையைக் கட்டினார்கள்: பதற்றத்தை வளர்க்கும் எண்ணத்தைப் பிடித்து, அதற்குச் சான்று என்ன என்று விசாரிக்கும் முறை.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததே பலரைத் தடுக்கிறது. ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஒருவர் எதிரே அமர்ந்து கேட்பார். சொன்னது வெளியே போகாது என்பதை முதலிலேயே கூறுவார். உயிருக்கு ஆபத்து என்ற நிலை மட்டும் விலக்கு. பெரும்பாலும் வாரம் ஒரு முறை, சில வாரங்கள். கவலைகளை இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்வார். கடன் தவணையைப் போலச் செய்வதற்கு ஏதேனும் உள்ளவை ஒரு பக்கம். மகனுக்கு என்றைக்காவது ஏதாவது நேர்ந்துவிடுமோ என்பதைப் போலச் செய்வதற்கு ஒன்றுமற்றவை மறு பக்கம். முதற் பக்கத்துக்கு அடி அடியாக வழி தேடப்படும். இரண்டாவது பக்கத்துக்கு, நாளில் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கி, மற்ற நேரத்தில் அவை வந்தால் ‘மாலையிற் பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்கும் பழக்கம் கற்பிக்கப்படும். கேட்க வேடிக்கையாயிருக்கும், செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. மூச்சை நீட்டி விடும் பயிற்சியும், அஞ்சி விலகிய இடங்களுக்குச் சிறிது சிறிதாகத் திரும்பும் பயிற்சியும் உண்டு. பேருந்துக்கு அஞ்சியவர் முதல் வாரம் தரிப்பிடம் வரை நடப்பார். அடுத்த வாரம் ஒரு தரிப்பிடத் தூரம் ஏறிப் போவார். விலக விலக அச்சம் வளரும் என்பதும், நின்று பார்த்தால் அதன் அலை ஏறி இறங்கும் என்பதும் இம்முறையின் அடிப்படை. நோய் கடுமையாயின் மருத்துவர் மாத்திரையும் கொடுப்பார். அவற்றுட் பல வேலை செய்யச் சில வாரம் செல்லும் என்பதையும், உடனே உறங்க வைக்கும் சில மாத்திரைகள் பழக்கமாகி விடக்கூடியவை என்பதையும் கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளின் பதற்றம் பெரியவர்களின் பதற்றத்தைப் போலப் பேசாது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி. எழுதியதை அழித்தழித்துத் தாள் கிழியும் வரை எழுதுதல். ‘சேர், இது சரியா?’ என்று ஒரே கணக்கை ஐந்து முறை காட்டுதல். பரீட்சையன்று வராமல் நின்றுவிடுதல். தாய் வெளிநாடு போன பின் தம்பியைக் கண்ணிலிருந்து மறைய விடாதிருத்தல். இவற்றிற் பல நல்ல மாணவனின் அடையாளங்களாகவே தோன்றி நம்மை ஏமாற்றும். குழப்படி செய்யும் பிள்ளை எப்படியும் நம் கண்ணில் படுவான். அஞ்சும் பிள்ளை பின்வரிசையில் அமைதியாயிருந்து நற்சான்றிதழும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வகுப்பின் முன் நிறுத்தி ‘என்ன பயம் உனக்கு?’ என்று அதட்டுவதால் பயம் போனதாகச் சரித்திரம் இல்லை. தனியே அழைத்து, ‘கொஞ்ச நாளா உனக்கு வயிறு வலிக்கிறதைக் கவனிச்சேன்’ என்று தொடங்கினால் அவளே மீதியைச் சொல்வாள்.

இனி, எங்கே போவது? சுனாமியை அடுத்து 2005இல் வகுக்கப்பட்ட உளநலக் கொள்கை, அங்கொடையில் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பரப்ப வேண்டும் என்றது. நானுஓயாவில் உள்ளவர் அணுக வேண்டியது நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை அலுவலர் பதவியும் உண்டு. அவர்கள் இருப்பதையே அறியாதவர் பலர். 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் தொடங்கிய சுமித்ரயோ, மனம் உடைந்தவருக்குச் செவி கொடுக்கும் தொண்டர் அமைப்பு. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. தமிழிற் பேச வேண்டும் என்று முதலிலேயே கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அந்நிறுவகம் அங்கொடையில் இருப்பதுதான் பலருக்குத் தடை. ‘அங்கொடைக்கு அனுப்பணும்’ என்பது நம்மிடையே ஒரு வசவாகவே ஆகிவிட்டது. பெண்ணுக்குக் கலியாணம் பேசும் வீட்டில், உளமருத்துவச் சீட்டு ஒன்று அகப்பட்டால் என்ன ஆகும் என்ற கவலை வேறு. 2019இல் உலகில் 30 கோடிக்கு மேற்பட்டோர் பதற்ற நோயால் துன்புற்றனர் என்பதும், சிகிச்சை வேண்டியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே அது கிட்டுகிறது என்பதும் உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. அந்த மூவரில் எத்தனை பேர் மருத்துவர் இல்லாமல் நின்றார்கள், எத்தனை பேர் வெட்கத்தால் நின்றார்கள் என்று பிரிக்க முடிந்தால் அது பெரிய பாடமாக இருக்கும்.

முன்பு சொன்ன லயச் சுவரை இங்கே நினைக்க வேண்டும். வீட்டுக்கே ஒருவர் வந்து கேட்பதானாலும், அண்டை வீட்டார் காது படாமல் பேசுவதற்கு இடமில்லை. மலையிலே பேசலாம் என்றால் கூட்டமாகப் பறிக்கிறார்கள். கோயில் முன்றிலும் பாடசாலைத் தாழ்வாரமுமே எஞ்சுகின்றன.

இங்கேதான் சிம்பாப்வேயின் செய்தி பயன்படும். 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற உளமருத்துவர், ஹராரே நகரின் ம்பாரே என்ற ஏழைக் குடியிருப்பில், பதினான்கு பாட்டிமாரைப் பயிற்றி வேலை தொடங்கினார். அறையில்லை, மருத்துவரில்லை. மருந்தகத்தின் வெளியே மரத்தடியில் ஒரு மர விசுப்பலகை; அதன் ஒரு முனையில் பாட்டி, மறுமுனையில் ‘குஃபுங்கிசிசா’ என்று வந்தவர். ஆங்கில நோய்ப்பெயர் எதுவும் கிடையாது. சிக்கலை ஒவ்வொன்றாக எடுத்து வழி காண்பது மட்டுமே முறை. 24 மருந்தகங்களில் 573 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களை விட, விசுப்பலகைக்கு வந்தவர்களின் துன்பம் ஆறு மாதத்தில் தெளிவாகக் குறைந்திருந்தது. பாட்டிமாருக்குப் பட்டம் கிடையாது. ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன என்பதை மறந்து, ‘எங்கள் பாட்டிகளும் பேசத்தான் செய்கிறார்கள்’ என்று நாம் திருப்தியடைந்துவிடக் கூடாது.

நம்மிடம் அத்தகைய பயிற்சி இல்லாமலில்லை. 1987இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த சாந்திகம், போரின் நடுவே தமிழ் பேசும் உளவளத்துணையாளர்களைப் பயிற்றிய நிலையம். அந்த அனுபவம் மலையேற வேண்டும். மலையகத்துப் பேச்சு வேறு. ‘அரைப் பேர்’ என்றால் என்ன என்று கேட்பவரிடம் கொழுந்து பறிப்பவள் தன் கவலையைத் தொடங்கவே மாட்டாள். ஆகவே தோட்டத்திற் பிறந்து படித்த பெண்களும் இளைஞர்களும் இதற்கு வர வேண்டும். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆசிரியராகிறார்கள், சிலர் மருத்துவராகிறார்கள். உளவியல் படிக்கப் போகிறேன் என்று ஒரு மாணவி சொன்னால், ‘அது பைத்தியக்காரருக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு’ என்று தடுக்கும் தந்தையிடம் பேசுவதற்கு அவளுடைய ஆசிரியரே தகுந்தவர்.

அவள் படித்து வரும் வரை, இன்றுள்ள வசதியையாவது எட்டும்படி செய்ய வேண்டும். நுவரெலியாவின் கிளினிக்குக்கு ஒரு தாய் போய் வர ஒரு பகற்பொழுது செல்லும். ஒரு பேர் போய்விடும். நான்கு வாரம் தொடர்ந்து போனால் நான்கு பேர். காய்ச்சலுக்குத் துண்டு கொடுத்து லீவு கேட்கலாம். இதற்கு என்னவென்று கேட்பது? கொழுந்து மிகும் மாதத்தில் அந்த நாள் வந்தால், அவள் ஐந்தாம் முறையும் போவாளா என்பது பிரட்டுக் களத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளையின் கொப்பியில் இருக்கிறது.